ஆறு பிரதிகளில் மூன்றாவது: ஏலத்துக்கு வரும் ஒரு புகைப்படத்துக்கு ஐந்து லட்சம் எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மும்பை ஏல நிறுவனம் ஒன்றின் இணையவழி ஏலப் பட்டியலில், குளச்சல் கடற்கரையில் கரமடி என்ற பெரிய வலையைக் கரைக்கு இழுப்பவர்களைக் காட்டும் பெரிய வண்ணப் புகைப்படம் ஒன்று வந்திருக்கிறது. விவரம் இவ்வாறு தரப்பட்டுள்ளது: "குரோமோஜெனிக் பிரிண்ட், டையசெக் முறையில் அக்ரிலிக்கில் ஒட்டப்பட்டது, 2009, 120 × 160 செ.மீ., பின்புற லேபிளில் கையொப்பம், பிரதி எண் 3/6, இவை தவிர 2 ஏ.பி." மதிப்பீடு 4 முதல் 6 லட்சம் ரூபாய். கருங்கலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவருடைய மச்சினர், "இதே சைஸில் பத்தாயிரம் ரூபாய்க்கு நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வளைகுடாவிலிருந்து திரும்பி வீடு கட்டி முடித்திருக்கும் கேள்வியாளருக்கு ஊர்ப் படம் ஒன்று கூடத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. பிற்காலத்தில் விலை ஏறுமா என்ற நினைப்பும் இருக்கிறது. படத்தில் இருக்கும் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பணத்தில் ஏதாவது போய்ச் சேருமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி, 3/6 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஒரு வாக்குறுதிக்கும், அந்தக் குறிப்பிட்ட பிரதி இன்றைக்கு இருக்கும் நிலைக்கும் போகிறது. இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஏலம் கேட்காதீர்கள். லாபத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், வாங்கவே வேண்டாம்.

உங்கள் மச்சினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காகிதம், அச்சுக்கூலி, அக்ரிலிக், சட்டம் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பிரதியைச் செய்து முடிக்கும் செலவு ஏல விலையின் சிறு பங்குதான். அவரிடம் இல்லாதது மூலக் கோப்பு. ஏலப் பட்டியலில் தெரியும் படம் அகலவாக்கில் 1,500 பிக்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 160 செ.மீ. என்பது 63 அங்குலம். அங்குலத்துக்கு 24 பிக்சல்கூடத் தேறாது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய படத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சலாவது வேண்டும் என்றால், அகலம் மட்டும் 12,600 பிக்சல் ஆகிறது. இப்படிப்பட்ட படங்களைப் பலர் பெரிய ஃபிலிம் தகடு போடும் கேமராவில் எடுத்து, டிரம் ஸ்கேனரில் ஏற்றி, பிறகே அச்சிடுகிறார்கள். வடத்தைப் பிடித்திருக்கும் ஒவ்வொருவருடைய விரலும் தனித்தனியாகத் தெரிவதற்குக் காரணம் அந்தத் தகடு. மச்சினர் போட்டுத் தருவது பத்தடி தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸ் பேனராக இருக்கும்; அதோடு, அப்படி அச்சிடுவது பதிப்புரிமைச் சிக்கலையும் கொண்டுவரும்.

இனி 3/6 என்பதற்கு வருவோம். நெகட்டிவோ கோப்போ கையில் இருக்கும்வரை ஒரு புகைப்படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகையால் கலைஞரும் அவர் படங்களை விற்கும் காலரியும் சேர்ந்து, "இந்த அளவில் ஆறு பிரதிக்கு மேல் போட மாட்டோம்" என்று தாங்களாகவே ஒரு வரம்பு கட்டிக்கொள்கிறார்கள். அதில் உங்களுக்கு வருவது மூன்றாவது. முதல் பிரதி உயர்ந்தது, ஆறாவது தாழ்ந்தது என்ற தர வரிசை கிடையாது. ஏ.பி. என்று குறித்திருப்பது ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப், அதாவது கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதி. அதுவும் சில ஆண்டுகள் கழித்துச் சந்தைக்கு வருவதுண்டு. ஆகவே மனக்கணக்கில் ஆறு என்று போடாமல் எட்டு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணிக்கை விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் படம் ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999இல் உருவாக்கிய 'ரைன் 2'. சாம்பல் வானம், பச்சைப் புல், நடுவே பட்டையாக ஓடும் ஆறு, அவ்வளவுதான். எதிர்க்கரையில் இருந்த கட்டடங்களை அவர் கணினியில் அழித்துவிட்டார். இதன் ஒரு பிரதி 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. புகைப்பட ஏலத்தில் அதுவரை யாரும் அந்த அளவு கொடுத்ததில்லை. அப்போது பலர் "இதை என் பையனே எடுப்பான்" என்று சிரித்தார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் படத்துக்கும் ஆறு பிரதிகள்தான். லண்டன் டேட், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், மியூனிக்கின் பினகோதெக் போன்ற இடங்களுக்கு அவற்றில் சில போய்விட்டன. அருங்காட்சியகத்துக்குள் போன பொருள் பெரும்பாலும் வெளியே வராது. ஏலத்துக்கு வந்த பிரதிக்காகப் போட்டி போட்டவர்களுக்கு, இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது தெரியாது. ஆகையால் உங்கள் படத்தைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மற்ற ஐந்து பிரதிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது. மூன்றாவது பிரதிக்குப் பிறகு விற்பனையே ஆகாமல், நான்கு முதல் ஆறு வரையிலான எண்கள் இன்னும் காலரியின் அலமாரியில் தூங்குகின்றன என்றால், ஏலத்தில் அடித்துப்பிடித்து விலையை ஏற்றுவதில் அர்த்தம் இல்லை. காலரிக்கு ஒரு தொலைபேசி போட்டாலே போதும்.

அந்த வாக்குறுதி எதை அடக்கும், எதை அடக்காது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வில்லியம் எகில்ஸ்டன் தம் பழைய வண்ணப் படங்களை டை டிரான்ஸ்ஃபர் என்ற முறையில் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு விற்றிருந்தார். 2012 மார்ச்சில், தம் படங்களை மிகப் பெரிய அளவில் டிஜிட்டல் முறையில் புதிதாக அச்சிட்டு, 36 பிரதிகளைக் கிறிஸ்டீஸ் வழியாக ஏலத்துக்கு விட்டார். மொத்தம் 59 லட்சம் டாலர் வந்தது. அவற்றில் சில, முன்பே எண்ணிட்டு விற்கப்பட்ட அதே காட்சிகள். பழைய பிரதிகளை வைத்திருந்த ஜோனதன் சோபல் என்ற சேகரிப்பாளர், தம்மிடம் இருப்பவற்றின் மதிப்பு இதனால் குறைந்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தார். நியூயார்க் நீதிமன்றம் 2013இல் அதைத் தள்ளுபடி செய்தது. அளவும் அச்சுமுறையும் வேறாக இருப்பதால் அது புதிய பதிப்பு என்பதே முடிவின் சாரம். தீர்ப்பு சரியா தவறா என்பதில் சேகரிப்பாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. என் பார்வையில் சட்டப்படி அது சரி, நட்பு முறையில் சரியில்லை. உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: "இதே காட்சி வேறு அளவுகளில் விற்கப்பட்டிருக்கிறதா, இனி அச்சிடும் எண்ணம் இருக்கிறதா, அது படத்தோடு வரும் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறதா" என்று கேளுங்கள். பல கலைஞர்கள் ஒரே காட்சியைச் சிறியது பத்து, நடுத்தரம் ஆறு, பெரியது மூன்று என்று வெவ்வேறு பதிப்புகளாகப் போடுகிறார்கள். பட்டியலில் ஒரு பதிப்பைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கும்.

சமகாலப் படங்களுக்கும் பழைய படங்களுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1924இல் எடுத்த 'வயலோன் தாங்க்ரே' படத்தின் பிரதி ஒன்று 2022 மே மாதத்தில் 124 லட்சம் டாலருக்கு ஏலம் போய், குர்ஸ்கியின் தொகையை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. அந்தப் படத்துக்குப் பிற்காலத்துப் பிரதிகளும் உண்டு. அந்த விலை கிடைத்தது படம் எடுத்த காலத்திலேயே அச்சிட்ட பிரதிக்கு. சமகாலப் படத்தில் அந்தக் காலப் பழமை இல்லை. அதன் இடத்தை எண்ணும் கையொப்பமும் நிரப்புகின்றன.

பல பிரதியாக அச்சிட்ட படங்கள் நமக்குப் புதியவையும் அல்ல. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இந்த மாவட்டத்தின் பழைய வீடுகளில் ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் பூஜையறையில் தொங்கியது ஓவியமாக அல்ல, 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த ஓலியோகிராஃப் என்ற வண்ண அச்சுப்படமாகத்தான். எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் அடித்துத் தள்ளிய அந்தத் தாள்களே இன்று ஏலப் பட்டியலில் வருகின்றன. பெரும்பாலானவை பூச்சியரித்தும் புகை படிந்தும் போனதால், மிஞ்சியவை அரிதாகிவிட்டன.

பூச்சி என்றதும் இரண்டாவது விஷயத்துக்கு, அதாவது பிரதியின் உடல்நிலைக்கு வருகிறேன். கருங்கலிலும் குளச்சலிலும் வீடு வைத்திருப்பவர்கள் இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் துறையில் யாரும் மீன் ஏலம் கேட்பதில்லை; இங்கே செவுளின் இடத்தில் இருப்பது கண்டிஷன் ரிப்போர்ட் என்ற நிலை அறிக்கை. கேட்டால் ஏல நிறுவனம் இலவசமாகத் தரும். கேட்காவிட்டால் தானாக அனுப்பாது.

குரோமோஜெனிக் பிரிண்ட் என்பது நம் ஸ்டூடியோக்களில் கல்யாண ஆல்பத்துக்குப் பயன்பட்ட அதே வகைக் காகிதம்தான். அதில் நிறம் சாயமாக இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்தாலும் வெளுக்கும். இருட்டில் வைத்தாலும் மெதுவாக நிறம் மாறும். சூடும் ஈரப்பதமும் அந்த வேதி மாற்றத்தை விரைவுபடுத்தும். 2009இல் அச்சிட்ட பிரதி எங்கே தொங்கியது என்பது ஆகவே முக்கியம். குளிரூட்டிய அலுவலக வரவேற்பறையில் ஜன்னலுக்கு எதிரே பல ஆண்டுகள் இருந்திருந்தால் சாயம் வெளுத்து மொத்தப் படமும் ஏதோ ஒரு நிறத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். கரமடிப் படத்தில் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மேகமும் அலை நுரையும். வெள்ளையாக இருக்க வேண்டிய நுரையில் மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டினால் சாயம் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.

டையசெக் என்பது, படத்தின் முகப்பை சிலிக்கோன் கொண்டு அக்ரிலிக் தகட்டோடு நேரடியாக ஒட்டிவிடும் முறை. குர்ஸ்கி, தாமஸ் ரூஃப் போன்ற டியூசல்டார்ஃப் கலைக்கூடத்தில் படித்தவர்களின் பெரிய படங்களோடு இது பரவியது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று இல்லாததால் நிறம் நனைந்த கல் போல அடர்த்தியாகத் தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. அக்ரிலிக்கில் ஆழமான கீறல் விழுந்தால், மேலோட்டமாகத் தேய்த்து மெருகேற்றலாமே தவிர, தகட்டை மாற்ற வழியில்லை. ஓரங்களிலிருந்து ஒட்டு விட்டு, பக்கவாட்டில் பார்க்கும்போது வெள்ளி நிறத்தில் பளபளக்கும் திட்டுகள் உண்டாவதும் உண்டு. ஆகவே நான்கு மூலைகளையும் சாய்ந்த வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படங்களாகக் கேட்டு வாங்குங்கள். சென்னைக் காலரி ஒன்றில் பிரதிகளைக் கட்டி அனுப்பும் பொறுப்பில் இருந்த காலத்தில், முகப்பில் குறை இல்லாத பிரதிகளை மூலையில் திருப்பிய பிறகே வேண்டாம் என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில கலைஞர்கள், சேதமான பிரதியைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டு, அதே எண்ணில் புதிய பிரதி அச்சிட்டுத் தருகிறார்கள். இந்த ஏற்பாடு உண்டா, இரண்டாவது கை உரிமையாளருக்கும் அது பொருந்துமா என்பதையும் காலரியிடம் கேட்டுவிடுங்கள். ஐந்து லட்சம் கொடுக்கலாமா மூன்று லட்சத்தோடு நிறுத்தலாமா என்பதை இந்த ஒரு பதில் முடிவு செய்துவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் எங்கே மாட்டுவது? ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மறுபடியும் மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் இது. வெளிச்சுவரில், அதிலும் சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில், ஓதம் ஏறும். அந்தச் சுவரில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. வீட்டுக்குள் இரு அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்தான் பொருத்தம். புதிதாகப் பூசிய சுவரானால் முழுவதும் காய்ந்து ஒரு மழைக்காலம் கழியட்டும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு கட்டைகள் வைத்து, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் விட வேண்டும். பகலில் ஏ.சி.யை நிறுத்தி இரவில் ஓட்டுவது, ஒரேயடியாக ஏ.சி. இல்லாததைவிட மோசம், ஈரப்பதம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதமும் அக்ரிலிக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். அக்ரிலிக்கை ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைக்கக் கூடாது. அதில் உள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் நுண்வெடிப்பை உண்டாக்கும். மென்மையான மைக்ரோஃபைபர் துணி போதும். கடலுக்கு அருகிலிருக்கும் வீட்டில் உப்புத்தூள் படியும். முதலில் ஊதியோ மென்மையாகத் தட்டியோ விடாமல் துணியால் இழுத்தால் அந்த உப்பே கீறிவிடும்.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு பையர்ஸ் பிரீமியம் என்ற வாங்குவோர் கட்டணம் சேரும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் 20 விழுக்காடு அளவில் இருப்பது வழக்கம். 5 லட்சத்தில் முடிந்தால் பிரீமியத்தோடு 6 லட்சம். அதன் மேல் ஜி.எஸ்.டி., மரப்பெட்டி, போக்குவரத்து, காப்பீடு. மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை சாலை வழி வரும் 160 செ.மீ. அக்ரிலிக் தகட்டை மரப்பெட்டி இல்லாமல் வெறும் அட்டையில் சுற்றி அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்பவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ரகசியமாக வைத்திருக்கும் ரிசர்வ் விலை, பொதுவாகக் கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது. போட்டியாளர் யாரும் இல்லாவிட்டால் 4 லட்சத்துக்குச் சற்றுக் கீழேயே கிடைத்துவிடவும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம்: பிரதியை வாங்கினால் பதிப்புரிமை உங்களுக்கு வராது. கூடத்தில் மாட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கடை காலண்டரில் அச்சிட முடியாது. பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் ஆயுட்காலமும் அதற்குப் பிந்தைய 60 ஆண்டும் என்றே கணக்கு. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, ஓவியம், சிற்பம், கோட்டோவியம் மறுவிற்பனையாகும்போது படைத்தவருக்கு ஒரு பங்கு தர வழிசெய்கிறது. அந்தப் பட்டியலில் புகைப்படம் இல்லை. ஆகையால் இந்த ஏலத்தில் படம் 6 லட்சத்துக்குப் போனாலும் எடுத்தவருக்கு அந்தப் பிரிவின்படி ஒன்றும் வராது. இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். ஓவியருக்கு உண்டு, புகைப்படக் கலைஞருக்கு இல்லை என்பதற்கு இன்றைக்கு எந்த நியாயமும் கிடையாது.

படம் எடுத்தவருக்கே இந்த நிலை என்றால், கரமடி இழுத்தவர்களுக்குச் சட்டப்படி ஏதும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமகாலக் கலையில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கௌரி கில் எடுத்த நிலக்காட்சிப் படங்களின் மேல் வார்லி ஓவியர் ராஜேஷ் வாங்கட் கோடுகளால் தம் ஊர்க் கதைகளை வரைந்த தொடரில் இருவருமே படைப்பாளிகள். எனவே உங்கள் படத்தை எடுத்தவர் குளச்சலுக்குத் திரும்ப வந்தாரா, அந்த மக்களுக்கு ஒரு பிரதியாவது கொடுத்தாரா என்று காலரியிடம் கேட்பதில் தவறேதும் இல்லை. பதில் விலையை மாற்றாது. அந்தப் படத்தைத் தினமும் கூடத்தில் பார்க்கப்போகிறவருக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

மறுவிற்பனை பற்றி நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கடுமையாகவே சொல்கிறேன். இந்திய ஏலச் சந்தை இன்னும் ஓவியத்தின் சந்தை. எம்.எஃப். ஹுசைனின் 'கிராம் யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 137 லட்சம் டாலருக்குப் போனது. அதே உற்சாகம் இங்கே புகைப்படத்தை எட்டவில்லை. தயாநிதா சிங், ரகுராய், புஷ்பமாலா போன்ற பெயர் பெற்றவர்களின் படங்களுக்கே வாங்குபவர் வட்டம் சிறியது. இன்று 6 லட்சம் கொடுத்து, ஐந்தாண்டு கழித்து விற்கப் போனால் விற்பவர் கட்டணமும் கழியும். விலை ஒன்றரை மடங்கு ஏறினாலொழியப் பெரிதாகக் கையில் நிற்காது. நிலத்தில் போட்ட பணம் போல இதை எண்ண வேண்டாம்.

ஏலத்துக்கு முன்பு மும்பையில் பார்வைக்கு வைப்பார்கள். போக முடியாவிட்டால், அங்கே இருக்கும் உறவினர் ஒருவரை அனுப்பி மூலைகளையும் நுரையையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பிரிண்ட் எதையும் நேரில் பார்த்துப் பழக்கம் இல்லையென்றால், ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கலைக் கண்காட்சிகளான சென்னை போட்டோ பியன்னாலேவுக்கோ, நமக்கு இன்னும் அருகில் இருக்கும் கொச்சி முசிரிஸ் பியன்னாலேவுக்கோ ஒருமுறை போய் வரலாம். இந்த ஏலத்தைப் பொறுத்தவரை, பிரதிகளின் இருப்பு, பிற அளவுகள், மாற்றுப் பிரதி ஏற்பாடு ஆகியவை பற்றிக் காலரிக்கும், நிலை அறிக்கை கேட்டு ஏல நிறுவனத்துக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். திருப்தியான பதில்கள் வந்தால் பிரீமியமும் வரியும் சேர்த்து உங்கள் உச்சவரம்பைத் தாளில் எழுதி, அதற்குள் வரும் தொகையை முன்கூட்டியே எழுத்து ஏலமாகக் கொடுத்துவிடுங்கள். நேரலையில் உட்கார்ந்து கேட்டால் கடைசி நிமிடத்தில் கை ஓடிவிடும். ஏலத்தேதிக்குள் நிலை அறிக்கை வரவில்லையென்றால், அந்தப் படத்துக்கு ஏலம் கேட்க வேண்டாம்.